பாய்க்கு எடை கிடையாது

ஸஜோரா என்கிற பாய்மரப் படகில் கழிப்பறை உண்டு, கதவு கிடையாது. நாற்பத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் உலகத்தைச் சுற்றும் பந்தயத்துக்கு அவள் கிளம்பியபோது, எடையைக் குறைக்கிறோம் என்று அன்றைய மகானுபாவர்கள் கதவுகளை எல்லாம் கழற்றிக் கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக உடைத்தார்களாம். பந்தயத்தில் நாலாவதாக வந்தார்கள். கதவோடு போயிருந்தால் ஐந்தாவதாக வந்திருப்பார்கள், அவ்வளவுதானே? ஆனால் இதைக் கேப்டன் ஓல்கெர்டின் காதில் போட்டுவிட்டு யாரும் நிம்மதியாக ஊர் திரும்பியதில்லை.

ஸஜோரா என்றால் எங்கள் பேச்சில் வம்புக்காரி. பந்தயக் காலம் முடிந்து, கிதினியா பாய்மரச் சங்கத்தின் கைக்கு வந்து, இப்போது கடலோட்டம் கற்றுக்கொள்ள வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பால்டிக்கில் சுற்றுகிறாள். பள்ளி ஆசிரியர்கள், பல் டாக்டர்கள், புதிதாக விவாகரத்தானவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். ஓல்கெர்டுக்கு அத்தனை பேரும் பாரம். இருபத்துநாலு வயதில் அந்தப் பந்தயத்துக்காக ஏறிய மனுஷன், அறுபத்தெட்டிலும் இறங்கவில்லை. ஏறியபோது இருந்ததைவிட அவரே இருபது கிலோ கூடியிருந்தார். அந்த எடையைப் பற்றி மட்டும் படகில் பேச்சே வராது.

கதவு இருக்க வேண்டிய இடத்தில் பழைய பாய்த்துணியில் ஒரு திரை தொங்கும். படகு வலப்பக்கம் சாய்ந்தால் திரை ஒழுங்காக இருக்கும். இடப்பக்கம் சாய்ந்தால் அது பாட்டுக்கு எல்லாரும் உட்காருகிற கூடத்தை நோக்கி விரியும். உள்ளே இருப்பவர் இருந்த கோலத்திலேயே தரிசனம் கொடுப்பார். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் திரைக்குள் போனதும் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து உரக்கப் பாட வேண்டும். எந்தப் பாட்டானாலும் சரி. ஜூலை மாதத்தில் கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்டுக் கேட்டு உதவி கேப்டன் செலினாவுக்குக் காது புளித்துவிட்டது.

செலினா கதான்ஸ்கில் டிராம் ஓட்டுகிறவள். நாற்பத்தேழு வயது. பதினோரு வருடமாக விடுமுறை நாட்களை எல்லாம் இந்தப் படகில்தான் கொண்டுவந்து கொட்டினாள். கேப்டனாக வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. தேர்வெல்லாம் முடிந்தது; கடலில் கழிக்க வேண்டிய மணிநேரத்தை எப்போதோ தாண்டியாயிற்று. பாக்கி ஒரே ஒரு காகிதம். எங்கள் நாட்டில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கேப்டன் ஆளுக்கொரு சான்று எழுதிக் கையில் கொடுப்பார். ஸஜோராவில் அதை எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பது. கடைசியில் 'கேப்டன் பொறுப்புக்குத் தகுதி' என்று ஒரு கட்டம் இருக்கும். மூன்று வருடமாக ஓல்கெர்ட் செலினாவுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவந்தார். காரணம் கேட்டால், பார்க்கலாம் என்பார்.

இந்த வருடம் பார்க்கலாம் என்று விட முடியாது. இந்தப் பயணம் முடிந்த கையோடு சங்கம் இரண்டாவது கேப்டனைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. செலினாவின் கட்டம் காலியாக இருந்தால் ஷ்செச்சினிலிருந்து ஒருவன் வந்து உட்காருவான், தயாராக இருக்கிறான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகு அவள் காலம் முழுக்க உதவி கேப்டன்தான். ஆகவே இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு ஏறினாள். அவர் கிழக்கைக் காட்டி மேற்கு என்றாலும் 'சரி, கேப்டன்'தான். உண்மையைச் சொன்னால் அவள் எப்போதுமே அப்படித்தான். இந்தத் தடவை அதை முடிவு என்று சொல்லிக்கொண்டாள்.

பயிற்சிக்கு வந்து சேர்ந்ததோ எல்ப்லாங் தபால் நிலையத்து ஊழியர்கள் எட்டுப் பேர். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். தலைவி போக்னா. பார்சல் கவுன்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து ஊரையே வரிசையில் நிற்க வைத்த வாய் அது. முதல் நாள் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். இரண்டாம் நாள் காகிதத்தைக் கிழித்து எண் எழுதிச் சுவரில் குத்திவிட்டாள். சீட்டு எடுத்தவர்கள் வரிசையாக உட்கார, திரைக்குள்ளிருந்து "அடுத்த எண்" என்று குரல் வரும். கூத்து ஒரு பக்கம் இருக்கட்டும், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். போர்ன்ஹோம் தீவு கண்ணில் படுகிற நேரத்தில் ஒருத்தி சுக்கானைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தாள். கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார் கேப்டன். செலினாவுக்கு விஷயம் தெரியும், இருந்தும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

போர்ன்ஹோமில் இறங்கிய போக்னா, ஒரு படகுப் பட்டறையின் கழிசலிலிருந்து ஒட்டுப்பலகைக் கதவு ஒன்றைக் கண்டுபிடித்தாள். பட்டறைக்காரனுக்கு ஒரு வளையம் புகைபோட்ட சாசேஜைக் கொடுத்தாள். கதவின் ஒரு முனையை அவளும் மறுமுனையை ஜெமோவிட் என்கிற ஒல்லித் தபால்காரரும் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டி தூக்குகிறவர்கள் மாதிரி துறையில் நடந்து வந்தார்கள். ஓல்கெர்ட் படகின் வாசலை மறித்து நின்றார்.

"ஒன்பது கிலோ இருக்கும். என் படகுல ஏறாது."

போக்னா கதவை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். "அஞ்சு கிலோ எண்ணூறு. முப்பது வருஷமா பார்சல் தூக்குறேன், கேப்டன். என் கைக்குத் தெரியாதா?"

மீன் எடை போடும் தராசை எடுத்து வந்து தொங்கவிட்டார்கள். ஐந்து கிலோ எண்ணூறு. ஓல்கெர்டுக்கு உள்ளூரக் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது, இருந்தாலும் எடை எடைதான் என்றார். அப்படியானால் படகில் வேண்டாமல் கிடக்கிற ஏதாவது ஒன்றை அதே எடைக்குக் காட்டுகிறோம், அது போகட்டும், கதவு இருக்கட்டும் என்று போக்னா பேரம் பேசினாள். எடைக்கு எடை என்றால் பந்தயக்காரனால் மறுக்க முடியாது. சாப்பாட்டைக் காட்டக் கூடாது, அது எப்படியும் குறையப் போகிறது என்றார். திரும்பும் வழியில் கரையில் இருக்கிற வேபா ஊரைத் தாண்டுவதற்குள் காட்டாவிட்டால் கதவு கடலுக்கு என்றும் சொன்னார். சரி என்று கதவை மேல்தளத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் காலையில் வடமேற்குக் காற்று, நல்ல வெயில். தபால் நிலையம் மொத்தமும் படகைக் குடைந்தது. உதிரிச் சங்கிலியைக் கொண்டுவந்தார்கள், வேண்டும் என்றார் கேப்டன். இரண்டாவது நங்கூரத்தைக் காட்டினார்கள், வேண்டும். உடைந்த பம்பைக் காட்டினார்கள், அதிலிருந்து திருகாணி எடுக்கலாம், வேண்டும். தூரத்தில் வேபாவின் மணல்மேடுகள் தெரிய ஆரம்பித்தபோது, ஜெமோவிட் முகப்பில் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய், மூச்சு வாங்க ஒரு பெரிய மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார்.

அந்த மூட்டையைச் செலினாவுக்குத் தெரியும். அது பலூன் பாய். பின்காற்றில் படகின் முகப்பில் வயிறு புடைத்து நிற்குமே, அந்த மஞ்சள் பாய், பந்தயத்தில் ஓல்கெர்ட் தன் கையால் ஏற்றி இறக்கியது. வசந்தத்தில் படகுக் கொட்டகையில் அதை விரித்துக் காயப்போட்டு மடிப்பது செலினாவின் வேலை. நாலு வருடத்துக்கு முன்னால் மடிக்கும்போது அவள் கட்டைவிரல் துணிக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. நனைந்த செய்தித்தாள் மாதிரி இருந்தது துணி. ஒட்டுப் போட்டுத் தைத்து மூட்டையில் வைத்தாள், அவரிடம் சொல்லவில்லை. அந்த மனுஷன் அதைத் தடவிக் கொடுப்பதைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். அதோடு, சொன்னவளுக்கு அவர் கையெழுத்தும் போட மாட்டார்.

தராசு முள் முப்பத்தெட்டில் நின்றது.

"ஆறரைக் கதவு" என்றாள் போக்னா.

"பாய்க்கு எடை கிடையாது" என்றார் ஓல்கெர்ட்.

சிரிக்காதீர்கள். பந்தயக்காரர்கள் எல்லாரும் இதை வேதம் மாதிரி நம்புகிறவர்கள். சோறு எடை, தண்ணீர் எடை, மனுஷன் எடை. பாய் படகை இழுக்கிறது, அதனால் அது எடையில் சேராது. போக்னா அதை எல்லாம் மதிக்கிற ஆளில்லை.

"கடைசியா இதை எப்ப ஏத்துனீங்க?"

ஓல்கெர்ட் மூட்டையின் முடிச்சை இறுக்கினார். தொண்ணூற்றுநாலில் என்று செலினாவுக்குத் தெரியும். எட்டுத் தபால்காரர்கள் முன்னால் அவருக்கு முகம் காது மடல்வரை சிவந்தது.

"இன்னைக்கு ஏத்துறேன்" என்றார்.

பலூன் பாயை ஏற்றுவதற்கு முன்னால் கேப்டன் உதவி கேப்டனிடம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். அது பந்தயக் காலத்திலிருந்து வருகிற விதி. பதில் பதிவேட்டில் ஏறும். பந்தயத்தில் இந்தக் கேள்வியால் இரண்டு உயிர் பிழைத்ததாக ஓல்கெர்டே குடித்தால் சொல்வார். இப்போது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார். செலினா அவர் முகத்தைப் பார்த்தாள். கட்டைவிரல் நினைவுக்கு வந்தது, காலிக் கட்டமும் நினைவுக்கு வந்தது, ஷ்செச்சின்காரனும் வந்தான். காற்று மிதமாகத்தானே இருக்கிறது, பத்து நிமிடம் தாங்காதா என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"இல்லை, கேப்டன்."

எட்டுப் பேரும் கயிற்றை இழுத்தார்கள். மஞ்சள் மூட்டை உச்சிக்கு ஏறி, ஒரு உதறு உதறி, படாரென்று விரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகென்றால் அப்படி ஒரு அழகு. வானத்தில் பாதி மஞ்சளாகிவிட்டது. பத்துக் கிலோ உருளைக்கிழங்குக்கே முக்கி முனகுகிற ஸஜோரா முன்னால் பாய்ந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். போக்னாவே கை தட்டினாள். ஓல்கெர்ட் சுக்கானைப் பிடித்தபடி சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. செலினாவுக்கும் ஒரு கணம் மனசு லேசானது. தாங்கிவிட்டது என்று நினைத்தாள்.

நாலு நிமிடம்தான் தாங்கியது. அப்புறம் மேலிருந்து கீழ்வரை போர்வை கிழிகிற சத்தம். பாய் இரண்டாகி, பாதி காற்றில் அடித்து, மீதி கடலில் விழுந்து படகின் அடிக்குப் போனது. பிடித்திருந்த கயிறு ஜெமோவிட்டின் கையில் ஓடி உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. என்ஜினைப் போட்டால், இன்னொரு கயிறு புரொப்பெல்லரில் சுற்றி அதுவும் நின்றுவிட்டது. தண்ணீர் நிரம்பிய பாய் சுக்கானையும் சேர்த்துக் கவ்விக்கொள்ள, படகு கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்ற இடத்தில் திணறியது. காற்று மட்டும் அவளைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. வேபாவுக்கு முன்னால் மணல்திட்டில் அலை உடைவது வெள்ளையாகத் தெரிந்தது, ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது.

இழுங்கள், பாய் வந்துவிடும் என்று ஓல்கெர்ட் கத்தினார். எல்லாரும் இழுத்தார்கள், ஒரு முழம்கூட வரவில்லை. செலினா கத்தியை எடுத்தாள். அவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, கடைசிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கத்தியை உள்ள வை, செலினா. இது உத்தரவு. வெட்டினா அந்தக் கட்டம் நீ சாகுற வரைக்கும் காலிதான்."

அவளுக்கு நன்றாகக் கேட்டது. ஜெமோவிட் தன் கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு தளத்தில் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் ரத்தம். செலினா முதல் கயிற்றை வெட்டினாள். இரண்டாவதை வெட்டினாள். மூன்றாவதை அவருடைய இரண்டு கைக்கும் நடுவில் வெட்டினாள். முப்பத்தெட்டு கிலோவும் படகின் அடியில் வழுக்கிக்கொண்டு பின்பக்கம் வெளிவந்து, கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரிந்து, மூழ்கிவிட்டது. ஓல்கெர்ட் கையில் ஒரு துண்டுக் கயிறு மிச்சம் இருந்தது.

சுக்கானை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். வரிசையில் நிற்க மட்டுமே தெரிந்த தபால்காரர்களை வைத்துக்கொண்டு, என்ஜின் இல்லாமல், நடுமரத்துப் பாயை மட்டும் விரித்து, வேபா துறைமுகத்தின் குறுகலான வாய்க்குள் ஸஜோராவை நுழைத்தாள். சரியான இடத்தில் பாயை இறக்கச் சொன்னாள். படகு ஊர்ந்துபோய்த் துறையில் மெல்ல இடித்து நின்றது. அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கட்டுப் போட ஜெமோவிட்டை ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். போக்னா பக்கத்துப் படகில் துளைபோடும் கருவி இரவல் வாங்கி, சாயங்காலத்துக்குள் கதவை மாட்டிவிட்டாள். ஆறரைக் கதவுக்கு ஈடான எடை கடலோடு போயிருந்தது, யார் என்ன சொல்ல முடியும்? பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள். ஓல்கெர்ட் மட்டும் முகப்பில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தார். பிறகு எழுந்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம் வெளியே வரவில்லை. உள்ளே அவர் அழுவது கூடத்தில் கேட்டது. கையில் கட்டோடு திரும்பியிருந்த ஜெமோவிட்தான் முதலில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். செலினா திரும்பி உட்கார்ந்தாள், பாடவில்லை.

காலையில், கிளம்புவதற்கு முன்னால், ஓல்கெர்ட் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சான்றுகளை வாசித்தார். தன்னைப் பொறுத்தவரை பயணம் அங்கேயே முடிந்துவிட்டது போல வாசித்தார். எட்டுப் பேருக்கும் நல்லபடியாகவே எழுதியிருந்தார். கடைசியாக ஒரு காகிதம் மேசைமேல் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"பாய் நைஞ்சுபோனது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நாலு வருஷமா."

"ஆட்சேபம் உண்டான்னு கேட்டேனே."

"கேட்டீங்க. சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

பிறகு வாசித்தார். ஆட்சேபம் கேட்டபோது தெரிந்த உண்மையை மறைத்தார் என்று ஒரு வரி. உத்தரவை மீறிப் பாயை வெட்டி, படகையும் அதில் இருந்த பத்துப் பேரையும் காப்பாற்றினார் என்று ஒரு வரி. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். கட்டம் காலியாக இருந்தது.

"முதல் வரிக்கு இல்லைன்னு எழுதணும், ரெண்டாவது வரிக்கு ஆமான்னு எழுதணும். கட்டம் ஒண்ணுதான் இருக்கு. எனக்கு எழுதத் தெரியலை. நீயே எழுதிக்கோ, நான் மறுக்க மாட்டேன்" என்று பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

எழுதும்மா, யோசிக்காதே என்று போக்னா அவள் தோளை இடித்தாள். என் கை ஆறிவிடும் என்றார் ஜெமோவிட். செலினா பேனாவை எடுத்தாள். பதினோரு வருட விடுமுறை, ஒரு சின்ன வார்த்தை. பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் டிராமைத் தெருவில் இறக்குகிற ஒருத்தியைப் பற்றித் தன்னிடம் கேட்டால் என்ன சொல்வோம் என்று நினைத்துப் பார்த்தாள். அதற்கு மேல் நினைக்க எதுவும் இல்லை. 'இல்லை' என்று எழுதினாள். எழுதியதும் அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது. எல்லார் முன்னாலும் அழுதாள்.

லூசு என்று போக்னா வாய்விட்டே சொன்னாள். ஓல்கெர்ட் காகிதத்தை எடுத்துப் படித்தார். மடித்து அவளிடமே கொடுத்தார்.

"அப்ப இந்தப் படகுல லாயக்கில்லாதவங்க ரெண்டு பேர்" என்றார். "கிதினியா வரைக்கும் கரையோரமா ஓட்ட உன் சின்ன லைசென்ஸே போதும். நீ ஓட்டு. நான் ஓட்டலை."

சொல்லிவிட்டுச் சுவரில் தொங்கிய வேலைப் பட்டியலிடம் போனார். சமையல் முறைக்கு எதிரே ஜெமோவிட்டின் பெயர் இருந்தது. புண்ணான கையோடு அவர் எதை உரிப்பார்? ஓல்கெர்ட் அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். கேப்டன் சமையல் முறைக்குப் போவது எந்தப் படகிலும் கிடையாது.

புரொப்பெல்லரில் சுற்றியதைத் துறைமுகத்து முக்குளிப்பவன் ஒருவன் வந்து அறுத்துக் கொடுத்தான். பத்து மணிக்குக் கிளம்பினார்கள். காற்று அடங்கி, கடல் நல்லபடியாக இருந்தது. செலினா சுக்கானில் நின்றாள். அவள் காலுக்கு அருகே படிக்கட்டுக்குக் கீழே அடுப்பங்கரை, அங்கே ஓல்கெர்ட் ஒரு வாளி உருளைக்கிழங்கோடு உட்கார்ந்திருந்தார். நாற்பத்துநாலு வருடத்தில் அவர் கிழங்கைத் தொட்டதே இல்லை. தோலோடு கிழங்கையும் சேர்த்து விரல் தடிமனுக்கு வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"தோலைக் கொஞ்சம் மெல்லிசா சீவுங்க. பாதிக் கிழங்கு குப்பைக்குப் போகுது."

பதினோரு வருடத்தில் அவள் அவர் முகத்துக்கு நேரே சொன்ன முதல் குறை அதுதான். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தளத்தில் உட்கார்ந்திருந்த தபால்காரர்கள் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். ஓல்கெர்ட் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அடுத்த கிழங்கை எடுத்து, மெல்லிசாகச் சீவ முயன்றார்.